மரமும் மதரஸாவும்: நம் கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கட்டடப் பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாகுக. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் (ரலி) அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

நமது மக்தப் மதரஸாவின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டடுக்குக் கான்கிரீட் கட்டடம் எழுப்புவதா, அல்லது இருப்பதைச் செப்பனிட்டு அதன் அருகில் புதிய வகுப்பறைகளைக் கட்டுவதா என்ற கேள்வி இன்று இந்தச் சபையின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. இது செங்கல், சிமெண்ட் பற்றிய கணக்கு மட்டுமன்று. நம் பிள்ளைகள் காலையும் மாலையும் அமர்ந்து ஓதும் இடம் எப்படி இருக்க வேண்டும், ஜமாஅத்தின் பணம் எவ்வழியில் செலவாக வேண்டும், நமக்குப் பின் வருவோருக்கு நாம் எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பவையெல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே முடிவெடுக்கும் முன், மரத்தைக் கொண்டு கட்டுவது குறித்துச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

'மரக்கட்டடம்' என்றவுடன் பலருக்கும் பழமை, வறுமை, கறையான், தீ ஆகிய நான்குமே நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் சில அச்சங்கள் நியாயமானவை. அவற்றை நாம் மறைக்கப் போவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளிவாசல் வரலாற்றில் மரம்

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரங்களால் தோழர்களோடு சேர்ந்து எழுப்பிய பள்ளிவாசலின் சுவர்கள் சுடாத மண் செங்கற்களால் ஆனவை. அதன் தூண்கள் பேரீச்ச மரத்தின் அடிமரங்கள். கூரை பேரீச்ச மட்டைகளும் ஓலைகளும். மழை பெய்தால் அக்கூரை ஒழுகியதும், ரமளானின் ஓர் இரவில் நபி (ஸல்) அவர்கள் ஈர மண்ணில் ஸஜ்தா செய்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. மிம்பர் அமைக்கப்படும் முன்னர் அன்னார் சாய்ந்து நின்று குத்பா ஓதியது ஒரு பேரீச்ச அடிமரத்தில்தான். பின்னர் அமைக்கப்பட்ட மிம்பரும் மரத்தால் ஆனதே. மதீனாவை அடுத்த காபா என்னும் இடத்துக் காட்டு மரத்தை ஒரு தச்சர் இழைத்துச் செய்து கொடுத்தார் என்று அறிகிறோம்.

உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சிக் காலத்தில் பள்ளியை விரிவாக்கியபோதும் அதே முறையையே பின்பற்றித் தூண்களை மரத்தால் அமைத்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29ஆம் ஆண்டு அதனைச் செதுக்கிய கல்லாலும் சாந்தாலும் புதுப்பித்தபோது கூரைக்குத் தேக்கு மரத்தைப் பயன்படுத்தினார்கள். அரபியில் 'ஸாஜ்' எனப்படும் அம்மரம் அரபு மண்ணில் விளைவதன்று. கீழ்த்திசையிலிருந்து கடல் வழியே போனது. நம் கடற்கரைகளுக்கும் அரபுத் துறைமுகங்களுக்கும் இடையே இருந்த உறவுக்கு மரமும் ஒரு பாலமாக இருந்திருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் 'தேக்கு' என்று வழங்கும் சொல்லே போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்திற்கும் சென்றது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நமக்கு அண்டையிலுள்ள கோழிக்கோட்டில், குற்றிச்சிறை என்னும் இடத்தில் உள்ள மிஸ்கால் பள்ளியைக் கண்டவர்கள் இச்சபையில் இருக்கக்கூடும். பதினான்காம் நூற்றாண்டில் நாகுதா மிஸ்கால் என்னும் வணிகர் கட்டிய அப்பள்ளி, அடுக்கடுக்கான மரக்கூரைகளோடு இன்றும் நிற்கிறது. 1510ஆம் ஆண்டு போர்ச்சுகீசியர் அதற்குத் தீ வைத்தனர். அதன் பின்னரும் அது சீரமைக்கப்பட்டு, இன்றுவரை அதில் தொழுகை நடைபெற்று வருகிறது.

துருக்கி நாட்டின் அனட்டோலியாவில் மரத்தூண்களையும் மர உத்திரங்களையும் கொண்ட ஐந்து பள்ளிவாசல்களை யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் ஒன்றான பெய்ஷெஹிர் நகரின் எஷ்ரெஃபோக்லு பள்ளி பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. எழுநூறு ஆண்டுகளைக் கடந்த மரத்தூண்களின் நிழலில் அங்கே மக்கள் தொழுகின்றனர்.

ஜாவாத் தீவில் உள்ள தெமாக் பெரிய பள்ளியின் நான்கு நடுத் தூண்களுள் ஒன்று, சிறு சிறு மரத்துண்டுகளை இணைத்துக் கட்டியது என்பது அந்நாட்டு மக்களின் மரபுச் செய்தி. பெரிய மரம் கிடைக்காத இடத்தில் சிறு துண்டுகளை ஒட்டிப் பெரிய தூணாக்கும் இந்த யோசனைதான் இன்று பெரிய தொழிற்கூடங்களில் பலகைகளைப் பசையிட்டு ஒட்டி உத்திரமாக்கும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளிவாசலில், இவ்வாறு ஒட்டிச் செய்த மரத்தூண்கள் மேலே கிளைகளாகப் பின்னிப் பிணைந்து கூரையைத் தாங்குகின்றன. செல்வ வளம் மிக்க நாட்டில், எந்தப் பொருளையும் வாங்கும் வசதி இருந்தும், மரத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஆகவே மரத்தால் கட்டுவது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தீயைப் பற்றிய அச்சம்

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கூரையின் கீற்றுக்குத் தாவி, 94 பச்சிளம் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும் அன்று அழாத தாய் தமிழ்நாட்டில் இல்லை. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. உச்ச நீதிமன்றமும் 2009ஆம் ஆண்டு தந்த தீர்ப்பில், நாடெங்கும் உள்ள பள்ளிகள் தீப்பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பணித்தது.

அந்த நாளின் நினைவினால்தான் நம் உறுப்பினர் பலர், 'மதரஸாவில் மரமே வேண்டாம்' என்கிறார்கள். அவர்களின் அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆயினும் கீற்றையும் கனத்த மரத்தையும் ஒன்றாக எண்ணலாகாது. காய்ந்த கீற்று மெல்லியது. சுற்றிலும் காற்று புகுவதால் நொடியில் கொழுந்துவிட்டு எரியும். எரிந்தபடியே கீழே விழும். ஆனால் ஒரு சாண் கனமுள்ள உத்திரம் அவ்வாறு எரிவதில்லை. அதன் மேற்பரப்பு முதலில் கரியாகிறது. அந்தக் கரியே ஒரு போர்வை போல் உள்மரத்தைக் காக்கிறது. கனத்த மரம் தீயில் நிமிடத்திற்கு முக்கால் மில்லிமீட்டர் அளவே கரிந்து உள்நோக்கிச் செல்லும் என்பது பொறியாளர் கணக்கு. அதாவது ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 முதல் 45 மில்லிமீட்டர். எஞ்சிய மரம் பாரத்தைத் தாங்கி நிற்கும். இதற்கு மாறாக, மறைப்பில்லாத இரும்பு உத்திரம் 550 டிகிரி வெப்பத்தை எட்டும்போது தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து வளையத் தொடங்குகிறது.

இதனால் மரம் தீப்பிடிக்காது என்று நாம் சொல்லவில்லை. ஸ்ரீநகரின் ஜாமிஆ மஸ்ஜிதில் 300க்கும் மேற்பட்ட தேவதாரு மரத்தூண்கள் உள்ளன. அப்பள்ளி தன் வரலாற்றில் மூன்று முறை தீக்கு இரையாகி மீண்டும் கட்டப்பட்டது என்பதும் உண்மையே. எனவே எந்தக் கட்டடமாயினும் சில ஒழுங்குகள் கட்டாயம் வேண்டும். சமையலறை வகுப்பறையோடு ஒட்டியிருக்கக் கூடாது. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல்கள் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது வெளிக்கதவு பூட்டப்படலாகாது. மின்கம்பிகள் குழாய்க்குள் ஓட வேண்டும். மரத்தின் மேல் ஆணியடித்து ஒயர் இழுக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் தரைத்தளத்திலேயே அமர வேண்டும். கான்கிரீட் கட்டினாலும் இவையின்றிப் பாதுகாப்பில்லை. ஒரே மாடிப்படி மட்டுமுள்ள இரண்டடுக்குக் கட்டடத்தைவிட, நான்கு புறமும் முற்றத்திற்கு வாசலுள்ள தரைத்தள ஓட்டுக் கட்டடத்திலிருந்து பிள்ளைகள் வெளியேறுவது எளிது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

காஷ்மீர் தந்த பாடம்

2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், ரமளான் மாதத்தின் ஒரு காலைப் பொழுதில், காஷ்மீரிலும் பாகிஸ்தானின் வடபகுதியிலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 70,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பள்ளிகள் நடந்துகொண்டிருந்த நேரம். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்து, பல்லாயிரம் மாணவ மாணவியர் இடிபாடுகளில் மாண்டனர். கனத்த கல் சுவர்களும், கம்பியும் கலவையும் சரிவர இடாத கான்கிரீட் தளங்களுமே அவர்கள் மீது விழுந்தன.

அதே பகுதியில் பழைய முறையில் கட்டிய சில வீடுகள் விரிசலோடு நின்றன. அம்முறைக்கு 'தஜ்ஜி தேவாரி' என்று பெயர். பாரசீக மொழியில் ஒட்டுத்துணிச் சுவர் என்பது அதன் பொருள். மரச்சட்டங்களை நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் பொருத்தி, இடையில் உள்ள சிறு சிறு கட்டங்களைக் கல்லும் மண்ணும் கொண்டு நிரப்புவார்கள். நிலம் அசையும்போது சட்டங்கள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கின்றன. ஒரு கட்டத்தில் விழும் விரிசல் அடுத்த கட்டத்திற்குப் பரவுவதில்லை. மேலும், கட்டடத்தின் பளு எவ்வளவோ அவ்வளவுக்கு நில அசைவின் தாக்குதலும் இருக்கும். மரக்கட்டடம் பளு குறைந்தது. இதைக் கண்ட பாகிஸ்தான் அரசின் மறுசீரமைப்பு அமைப்பு, முதலில் ஒதுக்கி வைத்திருந்த தஜ்ஜி முறையை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டு, அம்முறையில் வீடு கட்டுவோருக்கும் உதவித்தொகை வழங்கியது. மலைக் கிராமங்களில் மக்கள் தாமே தம் கையால் கட்டிக்கொள்ள அது வழி செய்தது.

நமது மாவட்டம் காஷ்மீரைப் போல் நிலநடுக்க அபாயம் மிக்கதன்று. நமக்குப் புயலே பெரிய சோதனை. 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் ஓடுகள் பறந்ததையும், டெல்டா மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்ததையும் கண்ணாரக் கண்டோம். இலேசான கூரைக்குப் புயலில் ஆபத்து உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்குரிய வழியும் உண்டு. கைமரங்களைச் சுவரின் மேல் சும்மா வைத்துவிடாமல், சுவரின் தலைப்பில் ஓடும் கான்கிரீட் பட்டையில் இரும்புத் தகடும் போல்ட்டும் கொண்டு இறுக்க வேண்டும். உத்திரம், கைமரம், ரீப்பர் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். கூரையின் ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்ட வேண்டும். தாழ்வாரக் கூரையைத் தனிக் கூரையாக அமைக்க வேண்டும். அப்போது காற்று தாழ்வாரத்தைப் பிய்த்தாலும் வகுப்பறையின் கூரை நிற்கும்.

ருத்ராப்பூர் கிராமத்துப் பள்ளி

வங்காளதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ராப்பூர் என்றொரு கிராமம். அங்கே 2005ஆம் ஆண்டு 'மெட்டி' என்ற பள்ளிக்கு ஒரு கட்டடம் எழுந்தது. அன்னா ஹெரிங்கர், ஐகே ரோஸ்வாக் என்ற இரு ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் வரைபடம் தந்தனர். கட்டியவர்கள் அவ்வூர்த் தொழிலாளர்களே. கீழ்த்தளம் வைக்கோல் கலந்த மண் சுவர், மேல்தளம் மூங்கில். மாடுகளைக் கொண்டு மிதித்துக் குழைத்த மண்ணைப் படை படையாக வைத்து, ஒவ்வொரு படையும் காய்ந்த பின் ஓரங்களைச் செதுக்கிச் சுவராக்கினார்கள். மண்ணும் மூங்கிலும் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தவைதான். ஆனால் ஊரார் வழக்கமாகச் செய்யாத இரண்டு காரியங்களைச் செய்தார்கள். செங்கல்லால் அடித்தளம் இட்டு, நில ஈரம் மேலே ஏறாதபடி இடையில் தடுப்புப் படலம் விரித்தார்கள். கூரையை அகலமாக நீட்டி, மழைச்சாரல் சுவரைத் தொடாதபடி செய்தார்கள். 2007ஆம் ஆண்டு அக்கட்டடத்திற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

விருதைவிட மேலான பயன் ஒன்று உண்டு. பள்ளிக்காகச் செலவிட்ட பணத்தில் பெரும் பங்கு அந்தக் கிராமத்துத் தொழிலாளர் வீடுகளுக்கே கூலியாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கற்ற தொழிலும் அங்கேயே தங்கியது. நாம் கான்கிரீட் கட்டடம் எழுப்பும்போது சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுக்கும் பணம் நம் ஊரைவிட்டு வெளியே போகிறது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் ஓட்டுக்காரருக்கும் கொடுக்கும் பணம் நம் தெருக்களிலேயே சுற்றி வருகிறது. ஜமாஅத்தின் பணத்தைச் செலவிடும்போது இதையும் கருத வேண்டாமா?

மரம் நிலைக்கும் வழி

நம் மதரஸாவின் ஓட்டுக் கட்டடத்தைத் தச்சர் ஒருவரையும் பொறியாளர் ஒருவரையும் அழைத்துச் சென்று பார்வையிட்டோம். ஓடுகளைப் பிரித்து, உத்திரங்களை உளியால் குத்திப் பார்த்தார்கள். நடுப்பகுதி மரங்கள் சேகேறி உறுதியாக உள்ளன. சுவருக்குள் புதைந்த உத்திர முனைகளும், தகரத் தாழி ஒழுகும் மேற்குப் பக்கத்துக் கைமரங்களுமே மட்கியுள்ளன. இது அனைத்து மரக்கட்டடங்களுக்கும் பொருந்தும் உண்மை. மரம் வயதாகிச் சாவதில்லை. ஈரத்தில் கிடந்துதான் சாகிறது. நனைந்தாலும் விரைவில் காய வழியிருந்தால் அது பல தலைமுறைக்கு நிற்கும்.

ஆகவே மரத்தைக் காக்கும் விதிகள் சிலவே. தூணை மண்ணில் நடக்கூடாது. கல் பீடத்தின் மேல் நிறுத்த வேண்டும். உத்திர முனை சுவருக்குள் புதையும் இடத்தில் சுற்றிலும் காற்றோட விட வேண்டும். கூரையின் ஒழுக்கை மழைக்கு முன்பே அடைக்க வேண்டும். வெள்ளை மரத்தை நீக்கிச் சேகுப் பகுதியையே பயன்படுத்த வேண்டும். பச்சை மரத்தை அறுத்த கையோடு பொருத்தாமல், நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும். இல்லையேல் அது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கறையான் மண்ணிலிருந்தே ஏறுவதால், அடித்தளத்தைக் கண்ணில் படும்படி விட்டு, மாதம் ஒருமுறை பார்வையிட்டாலே அதன் மண் தடம் தெரிந்துவிடும். மழை படாத உள்மரங்களுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீர் நல்ல காப்பு. பிள்ளைகள் தொடும் இடங்களில் ஆர்செனிக் கலந்த மருந்துகள் கூடவே கூடாது.

பழைய மரக்கட்டடத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. பழுதான ஒரு கைமரத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உள்ள கம்போங் லாவுட் பள்ளிவாசல், ஆணியின்றிக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தப்பட்டது. ஆற்று வெள்ளம் அதன் இடத்தை அரித்தபோது அது பிரித்து எடுத்துச் செல்லப்பட்டு வேறிடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. கான்கிரீட்டை அவ்வாறு பிரிக்க இயலுமா? நம்மைப் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்து மேற்பூச்சைப் பிளக்கிறது. இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரியும் கட்டடங்கள் நம் தெருவிலேயே உள்ளன.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் முழுதும் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம், அஸருக்குப் பின் பிள்ளைகள் ஓத வரும் நேரத்தில் அவ்வெப்பத்தைக் கீழே விடுகிறது. தகரக் கூரையோ உச்சி வேளையில் அடுப்பு. மழையில் உஸ்தாதின் குரல் காதில் விழாது. உயர்ந்த மோட்டுவளையும், ஓடுகளின் இடுக்கில் காற்றோட்டமும் உள்ள கூரையின் கீழ் மின்விசிறி நின்றுபோனாலும் அமர்ந்து ஓதலாம்.

மரம் எங்கிருந்து வரும்?

காட்டை அழித்து மதரஸா கட்டுவது இறைவனுக்கு உவப்பாகாது. வீண்விரயத்தை நம் மார்க்கம் கண்டிக்கிறது. எனவே மரம் வளர்த்துக் கட்டுவதே முறை.

நம் நாட்டில் காடுகள் குறைவதைக் கண்டு, 1993ஆம் ஆண்டு மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் காடுகளில் திட்டமின்றி மரம் வெட்டுவதைத் தடுத்தது. அக்காலத்துக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் மரத்திற்குப் பதில் வந்த இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் செய்வதற்கு மிகுந்த எரிபொருள் வேண்டும். உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலினால் வருகிறது. மரமோ வளரும்போதே அவ்வாயுவை உட்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, காற்றிலிருந்து எடுத்த கரியே. அம்மரம் உத்திரமாக நிற்கும் வரை அந்தக் கரியும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். நிலத்தில் வளர்த்து வெட்டும் மரத்தால் காட்டுக்குக் கேடில்லை என்று உணரப்பட்டு, 2020ஆம் ஆண்டு அத்தடை நீக்கப்பட்டது.

மரம் வளர்க்கும் பொறுமைக்கு நம் பக்கத்திலேயே சான்றுகள் உண்டு. கப்பலுக்கும் கட்டடத்திற்கும் வெட்டி வெட்டித் தேக்கு அருகியபோது, நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டம் போடப்பட்டது. அதன் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. காவிரிப் பாசன வாய்க்கால்களின் கரைகளில் நம் வனத்துறை வளர்த்த தேக்குகளை நாம் சிறுவயதில் எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறோம்.

தேக்கு மட்டுமே மரம் என்பதும் இல்லை. வேம்பும் பூவரசும் கதவு, சன்னல், பெஞ்சுகளுக்கு ஏற்றவை. மலைவேம்பு விரைவில் வளரும். முற்றிய தென்னையின் அடிப்பகுதியில் வெளிப்புற மரம் கடினமானது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் அதைக் கொண்டு வீடுகளே கட்டுகிறார்கள். முதிர்ந்த பனையின் வைரம் கறையானுக்கும் எளிதில் இடங்கொடாது. நம் முன்னோர் வீடுகளின் பனங்கைகளே அதற்குச் சாட்சி. ஆனால் பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. ஆதலால் இடிக்கப்படும் பழைய வீடுகளின் பனங்கைகளையும் தேக்கு உத்திரங்களையும் விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவதே நல்லது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பல்லாண்டுகள் இதைச் செய்து காட்டினார். பழைய மரம் நன்கு உலர்ந்தது, இனி முறுக்காது, புதிதாக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

எமது பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் இச்சபையின் முன் நான்கு கருத்துகளை வைக்கிறோம்.

முதலாவது, மதரஸாவின் ஓட்டுக் கட்டடத்தை இடிக்க வேண்டாம். மட்கிய உத்திர முனைகளை அறுத்து நீக்கிப் புதிய துண்டு இணைத்து, மேற்குப் பக்கத்துக் கைமரங்களை மாற்றி, தாழியைப் புதுப்பித்து, கூரையைச் சுவரோடு போல்ட் கொண்டு பிணைக்கலாம்.

இரண்டாவது, கூடுதலாக வேண்டிய வகுப்பறைகளைத் தரைத்தளத்தில் செங்கல் சுவரும் மரக்கூரையும் மங்களூர் ஓடும் கொண்டு கட்டலாம். எல்லாவற்றையும் மரத்தால்தான் கட்ட வேண்டும் என்ற பிடிவாதம் நமக்கில்லை. கழிப்பறை, ஒளுச் செய்யும் இடம், தண்ணீர்த் தொட்டி ஆகியவை ஈரம் மிகுந்தவை. அவற்றுக்குக் கான்கிரீட்டே தக்கது. அந்தந்தப் பொருளை அதனதன் இடத்தில் வைப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, கட்டடம் எதுவாயினும் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் பெற்ற பிறகே பிள்ளைகளை உள்ளே அமர்த்த வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் கூரையைப் பார்வையிட இளைஞர் குழு ஒன்றை நியமித்து, அவர்கள் கண்டவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நான்காவது, மையவாடியின் சுற்றுச்சுவர் ஓரத்திலும், தரிசாகக் கிடக்கும் வக்ஃபு நிலத்திலும் தேக்கு, வேம்பு, பூவரசுக் கன்றுகளை நட வேண்டும். பிற்காலத்தில் அவற்றை வெட்டும்போது வக்ஃபு விதிகளுக்கு உட்பட்டே செய்ய வேண்டும் என்பதால், இன்றே அவற்றை வக்ஃபு சொத்துப் பதிவேட்டில் எண்ணிட்டுப் பதிய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பதிலாக இரண்டு கன்று நடுவது ஜமாஅத்தின் நிலையான விதியாக இருக்கட்டும்.

'இரண்டடுக்குக் கட்டினால்தானே பிற்காலத்துக்கு இடம் போதும்?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மனை குறைவாக உள்ள நகரத்து ஜமாஅத்தாயின் நாமும் அதையே சொல்லியிருப்போம். நம் மதரஸா வளாகத்தில் முற்றம் போக இன்னும் இடமிருக்கிறது. பிள்ளைகள் பெருகினால் அங்கே மேலும் அறைகள் கட்டலாம்.

'வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் நம் சகோதரர்கள் பெரிய கட்டடத்தையல்லவா எதிர்பார்ப்பார்கள்?' என்றும் கேட்கப்படுகிறது. தாம் அனுப்பிய பணத்தில் பிள்ளைகள் குளிர்ந்த கூரையின் கீழ் அச்சமின்றி ஓதுகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்குப் போதும் என்றே நாம் நம்புகிறோம். மிச்சப்படும் தொகையை உஸ்தாதுமார்களின் ஊதியத்திற்கும் பிள்ளைகளின் பாடநூலுக்கும் ஒதுக்கினால் அது இன்னும் சிறப்பு.

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு தர்மமாகிறது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது. இறுதி நாளே வந்துவிட்டாலும் கையில் உள்ள கன்றை முடிந்தால் நட்டுவிடுமாறும் அன்னார் ஏவினார்கள். இன்று நாம் நடும் தேக்கு உத்திரமாகும் நாளில் நம்மில் பலர் மையவாடியில் இருப்போம். ஆயினும் அந்த உத்திரத்தின் கீழ் அமர்ந்து ஓதும் பிள்ளையின் ஒவ்வோர் எழுத்திலும் நமக்கு ஒரு பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

இச்சபை கலந்து பேசி எந்த முடிவை எடுத்தாலும் கட்டடப் பணிக் குழு அதை ஏற்று நிறைவேற்றும். நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, நம் பொருளை நல்வழியில் செலவிட்டு, நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள வல்ல அல்லாஹ்விடம் இறைஞ்சி அமைகிறோம். ஆமீன். வஸ்ஸலாம்.